குத்தகை கேட்கும் சிறு வணிகர்களும் புதிய கேள்வித்தாளும்

புக்கிட் பெருந்துங் தொடங்கி கோல சிலாங்கூர் வரையிலுள்ள நமது வட்டாரத்தில் நம்மவர் சிறு வணிகர்கள் பலர் இருக்கின்றனர். லோரி ஓட்டுபவர்கள், தோட்டங்களில் செம்பனைப் பழம் ஏற்றுபவர்கள், தொழிற்சாலைகளுக்குச் சாப்பாடு கொடுப்பவர்கள், துப்புரவுக் குத்தகை எடுப்பவர்கள், வாகனப் பட்டறை நடத்துபவர்கள் என்று அவர்கள் பல வகையினர். இவர்களில் பலர் தோட்டத்து லயன் வீடுகளில் பிறந்து, சொந்த உழைப்பால் முன்னுக்கு வந்தவர்கள் என்பது யாவரும் அறிந்ததே.

அண்மைக் காலமாக இவர்கள் டெண்டர் பாரம் வாங்கினால், அதனுடன் இன்னொரு கேள்வித்தாளும் வருகிறது. விலை என்ன என்று மட்டும் கேட்ட காலம் போய்விட்டது. கழிவு எண்ணெய் எங்கே போகிறது? மாதம் எவ்வளவு டீசல் செலவாகிறது? தொழிலாளியின் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது? இப்படிக் கேள்விகள் நீளுகின்றன. இது பெரிய கம்பெனிக்காரர்கள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட்டால், குத்தகையும் கைநழுவிப் போகும். எனவே இதைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம்.

ஏன் கேட்கிறார்கள்?

நம் நாட்டில் எம்.எஸ்.பி.ஓ. எனப்படும் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் 2020 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. அதன்படி தோட்ட நிர்வாகம் தன் குத்தகையாளர்களின் ஒப்பந்தத்தையும் ஆவணங்களையும் தணிக்கையாளரிடம் காட்ட வேண்டும். மேலும், பங்குச் சந்தைப் பட்டியலிலுள்ள மிகப் பெரிய நிறுவனங்கள் 2025 கணக்காண்டு முதலும், மற்றவை அடுத்தடுத்த ஆண்டுகளிலும் தேசிய நிலைத்தன்மை அறிக்கை விதிகளுக்குள் வருகின்றன. தங்களுக்குப் பொருளும் சேவையும் தருபவர்களிடம் விவரம் கேட்காமல் அவை அந்த அறிக்கையை முழுமையாக எழுத முடியாது. ஆகவே பெரியவரைக் கேட்கும் கேள்வி சிறியவரிடமும் வந்து சேருகிறது.

முதலாவது: கழிவு

பட்டறையில் வடிக்கும் பழைய எஞ்சின் எண்ணெய், எண்ணெய் பட்ட துணி, ஃபில்டர் ஆகியவை 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி அட்டவணைக் கழிவுகள். இவற்றைக் கால்வாயில் ஊற்றக் கூடாது. குப்பையோடும் போடக் கூடாது. டிரம்மில் பெயரும் தேதியும் ஒட்டி, கூரையின் கீழ் வைத்து, 180 நாட்களுக்குள் சுற்றுச்சூழல் இலாகாவின் உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். கணக்கை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஒரே தெருவிலுள்ள பட்டறைக்காரர்கள் பேசிக்கொண்டு, ஒரே நாளில் வண்டியை வரவழைத்தால் செலவைக் குறைத்துப் பேச வழியுண்டு.

இரண்டாவது: டீசலும் மின்சாரமும்

கரியமில வாயுக் கணக்கு என்றதும் பலர் பயந்துவிடுகின்றனர். இதற்குக் கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளிப்படும். தீபகற்ப மலேசியாவில் ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஏறத்தாழ முக்கால் கிலோ. மாதம் 400 லிட்டர் டீசலும் 800 யூனிட் மின்சாரமும் செலவழிக்கும் ஒருவரின் கணக்கு 1,080 கிலோவும் 600 கிலோவும் சேர்ந்து 1,680 கிலோ. டீசல் ரசீதையும் மின்கட்டணப் பில்லையும் எறியாமல் ஒரு ஃபைலில் போட்டு வந்தாலே பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது: வேலையாட்கள்

கேள்வித்தாளில் அதிகம் பேர் தடுமாறும் இடம் இதுதான். 2020-இல் கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டின் பேரில் நம் நாட்டு நிறுவனங்கள் சிலவற்றின் செம்பனை எண்ணெயையும் ரப்பர் கையுறைகளையும் அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது. அதன் பிறகு வாங்குபவர்கள் குத்தகையாளரின் ஆட்களையும் நேரில் விசாரிக்கின்றனர்.

சட்டம் கேட்பவை இவை. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 2025 ஆகஸ்டு 1 முதல் ஐவருக்கும் குறைவான ஆட்களை வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும். சொக்சோ சந்தா கட்ட வேண்டும். 2025 அக்டோபர் சம்பளம் முதல் அந்நியத் தொழிலாளருக்கும் சேமநிதியில் முதலாளி 2 விழுக்காடு, தொழிலாளி 2 விழுக்காடு செலுத்த வேண்டும். தங்குமிடத்திற்குத் தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ் தேவை. ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால், ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமிக்க வேண்டும். பிறருடைய பாஸ்போர்ட்டைப் பறித்து வைத்துக்கொள்வது குற்றமாகும்.

இங்கே அன்பர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. அதன் பிறகும் 1938 வரை கங்காணிகள் வழியாக நம் முன்னோர் இங்கு வந்தனர். வந்த கடனும் கடைக் கடனும் அடையும் முன்பே பலருக்கு ஆயுள் முடிந்தது. இன்று வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் ஏஜெண்டுக்குக் கடன்பட்டு வருபவரின் நிலை நமக்குப் புதிதா? அன்று நம் பாட்டனார் அனுபவித்ததை இன்று நம் பட்டறையில் இன்னொருவர் அனுபவிக்கலாமா? யாரோ வெளிநாட்டார் கேட்கும் கேள்வி என்று நாம் நினைப்பது, உண்மையில் நம் வீட்டுக் கேள்வியே.

பதில் எழுதும் முறை

மூலதனச் சந்தை மலேசியா என்னும் அமைப்பு சிறு தொழில்களுக்காக 2023-இல் ஓர் எளிய வழிகாட்டியை வெளியிட்டது. அடிப்படை, இடைநிலை, மேல்நிலை என்று அதில் மூன்று படிகள் உள்ளன. முதற் படியிலிருந்து தொடங்கினால் போதும்.

இன்னொருவர் எழுதிய கொள்கை அறிக்கையைப் பெயர் மாற்றி ஒட்டாதீர்கள். தணிக்கையாளர் முதலாளியை ஒதுக்கி வைத்துவிட்டுத் தொழிலாளியிடம் தனியே பேசுவார்; அப்போது பொய் நிற்காது. செய்யாததை "இன்னும் செய்யவில்லை, இந்த மாதத்திற்குள் செய்வோம்" என்று தேதியிட்டு எழுதுங்கள். பிறகு சொன்னபடி செய்து காட்டுங்கள். பொய்யான "ஆம்" என்ற பதில் கண்டுபிடிக்கப்பட்டால், இந்தக் குத்தகையோடு அடுத்த குத்தகையும் போய்விடும்.

ஒரு ஃபைல், ஒரு கணக்குப் புத்தகம், மாதத்தில் ஓர் அரை நாள். சிறு வணிகருக்கு இவ்வளவே மூலதனம். வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் உட்கார வைத்து எழுதுங்கள். நேர்மையாகச் சம்பாதித்த நம்மவர் பலர் வெறும் காகிதம் இல்லாத குறையால் பின்தங்கிவிடக் கூடாது என்பதே நமது அவா.