கரன்ட் போனால் தண்ணீர் எங்கே போகும்?

வீட்டில் நான்கடிக் கடல்நீர் மீன் தொட்டி வைக்கப் போகிறீர்கள். அடியில் ஒரு சம்ப் (துணைத் தொட்டி) வேண்டும் என்கிறார்கள். அவசியமா? சின்னத் தொட்டி என்றால் வேண்டியதில்லை. இந்த அளவுக்கு வைத்துவிடுவது நல்லது. ஹீட்டர், மோட்டார், புரோட்டீன் ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) எல்லாம் கண்ணில் படாமல் கீழே போய்விடும். நீரின் மேல் படியும் பிசுபிசுப்பான படலமும் வழிந்து இறங்கிவிடும்.

தண்ணீர் எப்படிச் சுற்றுகிறது? மேல்தொட்டியின் ஓரத்தில் ஓவர்ஃப்ளோ பெட்டி (நீர் வழிந்து விழும் தடுப்பறை) இருக்கும். அதன் விளிம்பைத் தாண்டிய நீர் குழாய் வழியே சம்புக்கு இறங்கும். சம்பிலுள்ள மோட்டார் அதை ரிட்டர்ன் குழாய் (நீரை மேலே ஏற்றும் குழாய்) வழியே திருப்பி அனுப்பும்.

இறக்கவும் ஒரு மோட்டார் போட்டால் என்ன? வேண்டாம். இரண்டு மோட்டாரும் ஒரே வேகத்தில் ஓடவே ஓடாது. ஏதாவது ஒரு தொட்டி வழியும். விளிம்பில் தானாக வழிய விட்டால், ஏறுகிற அளவுதான் இறங்கும்.

இனி முக்கியமான கேள்வி. கரன்ட் போனால்? மோட்டார் நிற்கும், நீர் நிற்காது. விளிம்புக்கு மேலே இருந்த நீர் இறங்கும். அதோடு ரிட்டர்ன் குழாயின் வாய் நீருக்குள் மூழ்கியிருந்தால், அது சைஃபனாக (நீர் நிறைந்த குழாய் தானாகவே கீழே இழுப்பது) மாறி, வாய் வெளியே தெரியும்வரை தொட்டியை இறக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தொட்டி 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம். மட்டம் 1 செ.மீ. இறங்கினால் 5.4 லிட்டர். ரிட்டர்ன் வாய் மேல்மட்டத்துக்கு அருகிலேயே இருந்து 3 செ.மீ. இறங்கினால் 16 லிட்டர். குழாய், பெட்டியிலுள்ள நீரையும் சேர்த்து 20 என்று வையுங்கள். 75 × 35 செ.மீ. சம்பில் அது ஏறக்குறைய 8 செ.மீ. ஏறும். 40 செ.மீ. உயரச் சம்பில் 25 வரை நீர் ஓடினால், 33-இல் நின்றுவிடும். அதே வாயை 10 செ.மீ. ஆழத்தில் வைத்திருந்தால்? 58 லிட்டர் இறங்கும், சம்ப் 47 செ.மீ. உயரம் கேட்கும். மிச்சம் உங்கள் தரையில்.

செக் வால்வு (ஒருவழி அடைப்பு) போட்டால் தப்பிக்கலாமே? அதை நம்பி மட்டும் திட்டமிடாதீர்கள். கடல்நீரில் சுண்ணாம்பு படிந்து, ஒரு நாள் சரியாக மூடாது. குழாயில் நீர்மட்டத்தை ஒட்டிப் போடும் காற்றுத் துளையும் அப்படித்தான். ஒரு நத்தை போதும் அதை அடைக்க. இரண்டும் இருக்கட்டும், சம்பில் காலியிடமும் இருக்கட்டும்.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. இறங்கு குழாய் அடைத்துக்கொண்டால், மோட்டார் தன் அறையிலுள்ள நீர் தீரும்வரை ஏற்றிக்கொண்டே இருக்கும். அந்த அறை 15 லிட்டர் பிடிக்கும் என்றால், மேல்தொட்டியில் அதற்கு இடம் வேண்டும். மேலே 4 செ.மீ. காலியாக விட்டால் 21 லிட்டர் தாங்கும். மோட்டார் அறையைப் பெரிதாக்கும் ஆசையை இங்கே அடக்கிக்கொள்ளுங்கள்.

இறங்கு குழாய் எத்தனை? குறைந்தது இரண்டு. ஒன்றில் கேட் வால்வு (திருகித் திருகி நுணுக்கமாக ஓட்டத்தைக் குறைக்கும் வால்வு) வைத்து, காற்றில்லாமல் முழுக்க நீராக ஓட விடுங்கள். களகளவென்ற இரைச்சல் அடங்கிவிடும். அதன் கீழ்முனை சம்ப் நீரில் 2 செ.மீ.க்கு மேல் மூழ்க வேண்டாம். ஆழமாக மூழ்கினால் கரன்ட் திரும்பும்போது காற்று வெளியேறாது. இன்னொன்று சற்று உயரமாக, வறண்டு கிடக்கும் அவசரக் குழாய். அதில் எந்த வால்வும் போடவே கூடாது. ஹாலில் தொட்டி வைப்பவர்கள் மூன்றாவதும் போடுகிறார்கள். வீண் செலவென்று சொல்லமாட்டேன்.

துளையில்லாத தொட்டிக்கு விளிம்பில் தொங்கவிடும் சைஃபன் பெட்டி கிடைக்கிறதே? காற்று புகுந்தால் இழுப்பு அறுந்துவிடும். மோட்டார் அது தெரியாமல் ஓடும். அடிக்கடி கரன்ட் போகும் வீட்டில் நான் அதை வைக்கமாட்டேன். துளை போடுவதானால், எந்தக் கண்ணாடி டஃபன்டு (சூடாக்கி உறுதியூட்டியது) என்று முதலில் கேளுங்கள். அதில் துளையிட்டால் முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாகும்.

பிளம்பரிடம் என்ன சொல்ல வேண்டும்? பித்தளை கூடாது என்று இரண்டு முறை சொல்லுங்கள். பழக்கத்தில் பித்தளை வால்வை மாட்டிவிடுவார். பித்தளையிலுள்ள தாமிரம் கரைந்தால் பவளமும் இறாலும் சாகும். ஜி.ஐ. துண்டும் வேண்டாம், துருப்பிடிக்கும். எல்லாம் பிளாஸ்டிக். அங்குல அளவு யுபிவிசி குழாயையும் மில்லிமீட்டர் அளவு விவசாயப் பிவிசி குழாயையும் கலக்கவும் விடாதீர்கள். 1 அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 33.4 மி.மீ., மற்றது 32. பசை தடவினாலும் கசியும். மோட்டாரின் இருபுறமும் யூனியன் (திருகிக் கழற்றும் இணைப்பு) வைத்தால், பிறகு கழுவ எடுக்கும்போது குழாயை அறுக்க வேண்டியதில்லை.

உப்புக் கலக்கும் முன், வெறும் தண்ணீர் நிரப்பி ஓட விடுங்கள். சுவிட்சை அணையுங்கள். சம்பில் நீர் எதுவரை ஏறுகிறது என்று பாருங்கள். பிறகு முக்கியக் குழாயைக் கையால் அடைத்து, அவசரக் குழாய் தாங்குகிறதா என்று பாருங்கள். எல்லாம் சரி என்றால், ஓடும்போதுள்ள சம்ப் மட்டத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். ஆவியாகி நீர் குறைவது மோட்டார் அறையில்தான் தெரியும். ஈடாக ஊற்றும் உப்பில்லாத சுத்திகரித்த நீர் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது.