தேங்காய்ச் சில்லும் பச்சை மண்டலமும்

தைப்பூசத்துக்கு முதல் நாள் ரதம் தண்ணீர்மலை நோக்கி வரும் வழியெல்லாம் ஆயிரக்கணக்கில் தேங்காய் உடைபடும். எவ்வளவு கூட்டி அள்ளினாலும் சில சில்லுகள் சாலையில் கிடக்கத்தான் செய்யும். தண்ணீர்ப் பந்தல் தொண்டுக்கு மாணவர்களை அழைத்துப் போகும் ஆசிரியர்கள், காலில் வெட்டுப்பட்டால் என்ன செய்வது என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில் காயத்தைச் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். பிறகு துணியை மடித்து வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். "நின்னுடுச்சா?" என்று நடுநடுவே எடுத்துப் பார்க்க வேண்டாம். காப்பித்தூள், மஞ்சள் எதையும் அப்பாதீர்கள். சில்லு ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள்; அது மருத்துவர் வேலை.

அவசரச் சிகிச்சைப் பிரிவில் யார் முதலில் வந்தார் என்று பார்ப்பதில்லை, யாருக்கு ஆபத்து அதிகம் என்றுதான் பார்ப்பார்கள். உயிராபத்து என்றால் சிவப்பு மண்டலம், அடுத்த நிலை மஞ்சள், சிறு காயங்களுக்குப் பச்சை. பச்சையில் காத்திருக்கச் சொன்னால் நம்மைக் கவனிக்கவில்லை என்று அர்த்தமில்லை. "உன் பிள்ளைக்கு ஆபத்தில்லை" என்ற நல்ல செய்தி அது.

ஒரு தைப்பூசத்தில் படிவம் 4 மாணவன் ஒருவனைப் பினாங்கு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். பாதத்தில் வெட்டு. வாசலிலேயே தாதி கேட்டார்: எப்படி வலிக்கிறது? அவன் என் பக்கம் திரும்பி, "விண்விண்ணுன்னு தெறிக்குது டீச்சர், ஆனா மரத்துப் போகல," என்றான். நான் மலாயில் 'பெர்டென்யுட்' என்றும், 'கெபாஸ்' இல்லை என்றும் சொன்னேன். தாதி உடனே விரல்களை அசைக்கச் சொல்லிப் பார்த்தார். மரத்துப்போனாலோ விரல் அசையாமல் போனாலோ நரம்போ தசைநாரோ அறுந்திருக்கலாம். அப்போது சிறு வெட்டும் சிறு வெட்டல்ல.

காத்திருந்தோம். முறை வந்ததும் மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டு, காயத்தைக் கழுவி, உள்ளே சில்லு இல்லை என்று உறுதி செய்து தையல் போட்டார். ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன் அவனிடமே விளக்கினார். அவன் பயம் பாதி அதிலேயே போய்விட்டது. படிவம் 3-இல், 15 வயதில், பள்ளியில் போடும் இசிவுநோய்த் தடுப்பூசியை அவன் போட்டிருந்ததால் மறுபடி ஊசி தேவைப்படவில்லை. குடிமக்களுக்கான பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்தான்.

இதில் தமிழாசிரியர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. "வலிக்குது" என்பதோடு நம் மாணவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். எரிச்சல், குத்தல், கடுப்பு, குடைச்சல், தெறிப்பு, மரத்துப்போதல் என்று தமிழில் எத்தனை சொற்கள்! ஒரு பாடவேளையில் மாணவர்களை இருவர் இருவராக அமர்த்தி, ஒருவர் நோயாளி, ஒருவர் தாதி என்று பேச வையுங்கள். எங்கே, எப்போது, எதனால், எப்படி என்ற நான்கு கேள்விகள் போதும். பிறகு அதையே மலாயில் சொல்லச் சொல்லுங்கள்.

தொண்டுக்குப் போகும் நாளில் மாணவர்களின் அடையாள அட்டை, ஒவ்வாமை விவரம், தடுப்பூசி விவரம், பெற்றோர் எண் ஆகியவை உங்கள் கையில் இருக்கட்டும். அவசர எண் 999. முடிந்தவரை காலணி போட்டுக்கொண்டே வேலை செய்யச் சொல்லுங்கள். சாமி கோவிச்சுக்க மாட்டார்.