திருப்பதியை நிர்வகிப்பது யார்? மூன்று அடுக்கு ஆட்சியும் தேவஸ்தானமும்

திருப்பதி: ரயில் நிலையமும் ரேணிகுண்டா விமான நிலையமும் மத்திய அரசிடம், மாவட்ட நிர்வாகம் மாநில அரசிடம், நகரின் தெருக்களும் துப்புரவும் மாநகராட்சியிடம். இவற்றுடன் திருமலை திருப்பதி தேவஸ்தானமும் சேர்வதால், ஆந்திரத்தின் இந்நகரில் எந்தப் பணிக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அவ்வப்போது அரசியல் சர்ச்சையாகிறது.

மாநகராட்சி

1886-இல் நகராட்சியான திருப்பதி, 2007-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. எனினும், மாநகராட்சிக்கான முதல் தேர்தல் 2021 மார்ச்சில்தான் நடைபெற்றது. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்று 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சாசனத் திருத்தம் கூறியும், வாக்காளர்கள் 14 ஆண்டுகள் காத்திருந்தனர்.

அத்தேர்தலில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் பெருவெற்றி பெற்றது. 2024-இல் மாநிலத்தில் ஆட்சி மாறியது. 2025 பிப்ரவரியில் கவுன்சிலர்கள் வாக்களித்த துணை மேயர் தேர்தலில் தெலுங்கு தேசம் வென்றது. மக்கள் மீண்டும் வாக்களிக்காமலேயே மன்றத்தின் பலம் மாறியது.

மாவட்டம்

2022 ஏப்ரல் 4-இல் ஆந்திரத்தின் மாவட்டங்கள் 13-லிருந்து 26 ஆயின. சித்தூரிலிருந்து பிரிக்கப்பட்ட பகுதிகளுடன் நெல்லூரின் கூடூர், சூலூர்பேட்டை, வெங்கடகிரி பகுதிகளும் இணைந்து திருப்பதி மாவட்டம் உருவானது. ஆட்சியர் அலுவலகங்கள் பிரிந்தாலும் ஜில்லா பரிஷத்துகள் பழைய எல்லையிலேயே தொடர்ந்தன. மாவட்டத்தைப் பிரிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கே உரியது.

நிதி

தேவஸ்தான அறங்காவலர் குழுவை நியமிப்பதும் மாநில அரசே. 2023 செப்டம்பரில் திறக்கப்பட்ட சீனிவாச சேது மேம்பாலத்தின் செலவில் சுமார் மூன்றில் இரு பங்கைத் தேவஸ்தானமும், எஞ்சியதை ஸ்மார்ட் சிட்டி நிறுவனமும் ஏற்றன. அடுத்த மாதமே, ஆண்டு பட்ஜெட்டில் 1 சதவீதத்தை நகர வளர்ச்சிக்கு ஒதுக்க அறங்காவலர் குழு தீர்மானித்தது. பக்தர்களின் காணிக்கையை மாநகராட்சிப் பணிகளுக்குச் செலவிடலாமா என்று எதிர்ப்பு எழுந்தது. மாநில அரசு ஒப்புதல் அளிக்கவில்லை. நாள்தோறும் வரும் பல்லாயிரம் யாத்ரீகர்களுக்கான வசதிகளின் செலவை உள்ளூர் வரிதாரர்கள் எவ்வளவு ஏற்பது என்ற கேள்வி நீடிக்கிறது.

கனடாவிலும் இதே இழுபறி

நகராட்சிகள் மாநில அதிகாரத்தைச் சார்ந்திருப்பது இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. கனடாவில் அவை முற்றிலும் மாகாணங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. தமிழர்கள் பெருமளவில் வாழும் டொராண்டோவில், 2018-இல் தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருந்தபோதே, 47 வார்டுகளை 25 ஆக ஒன்டாரியோ மாகாண அரசு குறைத்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இந்தியாவில் உள்ளாட்சிகளுக்கு அரசியல் சாசனப் பாதுகாப்பு உண்டு. ஆனால் உரிய காலத்தில் தேர்தல் நடந்தால்தான் அப்பாதுகாப்பு பயன்படும் என்பதற்குத் திருப்பதியின் 14 ஆண்டுக் காத்திருப்பே சான்று. 2021-இல் அமைந்த மன்றத்தின் பதவிக்காலம் 2026 மார்ச் வரை மட்டுமே.