ஆணி அடிக்காமல் ஒரு கல்யாணப் பந்தல்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்து நகரத்தார் வீடுகளில் கல்யாணம் வைக்க வெளியூர்க்காரர்களும் வருகிறார்கள். பழைய வீடுகள் சில ஹோட்டலாகிவிட்டன. சிலவற்றை விசேஷத்துக்கு வாடகைக்கு விடுகிறார்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டுக்குப் பந்தல் போட வருகிறவர், வழக்கமான கல்யாணத்துக்குப் போடுவதுபோல் கடப்பாரையோடு இறங்க முடியாது.

ஏன் என்பதைத் தரையிலிருந்தே சொல்லலாம். ஆத்தங்குடி ஓடு சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடிப் பலகைமேல் வண்ணக் கலவை ஊற்றி, சிமெண்டும் மணலும் சேர்த்துக் கையால் வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. அதில் துளை போட்டால் விரிசல் விடும். மஞ்சள் தண்ணீர் சிந்தினால் கறை உள்ளே இறங்கிவிடும். சுவரில் இருப்பதோ சுண்ணாம்புப் பூச்சு. தோரணம் ஒட்டிய டேப்பைப் பிய்க்கும்போது பூச்சும் கூடவே பெயர்ந்து வரும். பர்மா தேக்குத் தூணில் கம்பியை இறுக்கிக் கட்டினால் தழும்பு விழுந்துவிடும். அதற்கு மாற்றுத் தூண் இன்று எங்கே கிடைக்கும்? ஆகவே இங்கே பந்தலுக்கு ஒரே விதிதான்: வீட்டில் எதையும் பிடித்துக்கொள்ளாமல் தன் காலிலேயே நிற்க வேண்டும்.

நிற்க வைப்பது எடை. 12 அடிக்கு 12 அடி மணவறைக் கூரையின் பரப்பு ஏறக்குறைய 13 சதுர மீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 6 கிலோ வீதம், மொத்தக் கூரையையும் 80 கிலோ அளவுக்குத் தூக்கப் பார்க்கும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகி 320 கிலோவைத் தொடும். கோடை மழைக்கு முன்னால் திடீரென்று கிளம்பும் காற்றுக்கு அந்த வேகம் பெரிய விஷயமில்லை. சிமெண்டுச் சாக்கில் மணல் நிறைத்தால் 50 கிலோ வரும். காலுக்கு இரண்டு மூட்டை என்பதைக் குறைந்தபட்சக் கணக்காக வைத்துக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய பந்தலுக்குப் பொறியாளர் கணக்குப் போட்டே ஆக வேண்டும். காலுக்கு அடியில் அகலமான தகடு, தகட்டுக்கு அடியில் ரப்பர் விரிப்பு. மூட்டைகளை மறைக்க வாழை மரமும் பூச்சட்டியும் போதும். கூரையில் சரிவும் வேண்டும். தட்டையான துணியில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினாலே 130 கிலோ பாரம்.

முகூர்த்தக்கால் விஷயத்தில் வீட்டுப் பெரியவர்கள் மனம் சங்கடப்படக்கூடாது. ஈசானிய மூலையில் பெரிய அண்டாவில் மண் நிரப்பி, அதில் மூங்கிலை நட்டு, மஞ்சள் பூசி, மாவிலையும் நவதானிய முடிச்சும் கட்டலாம். தரை தோண்ட இடமில்லாத நகரத்து மண்டபங்களில் இப்படிச் செய்து பழகியாயிற்று.

அதிகம் தப்பு நடப்பது வளவில்தான். நாலு பக்கமும் தாழ்வாரமும் நடுவில் திறந்த வானமுமாக இருக்கும் அந்த முற்றம் வீட்டின் புகைபோக்கி மாதிரி. சூடான காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும். வெயில், மழை என்று பயந்து அதைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, கீழே ஹோமம் வளர்த்தால் புகை தாழ்வாரத்துக்குள் திரும்பி மேல்கூரை ஓவியங்களில் படியும். அக்னிக்கு நேர் மேலே கூரை திறந்திருக்க வேண்டும், அல்லது ஓரங்களில் இரண்டடி இடைவெளியோடு உயர்ந்து நிற்க வேண்டும். குண்டத்தின் அடியில் தகடு விரித்து, மணல் பரப்பி, அதன்மேல் செங்கல் அடுக்கினால் சூடும் நெய்யும் ஓட்டில் இறங்காது.

துணியைத் தேர்ந்தெடுக்கும்போது அழகு பின்னால் வரட்டும். 1995 டிசம்பரில் ஹரியானாவின் டப்வாலியில், கல்யாண மண்டப வளாகத்தில் நடந்த பள்ளி விழாவில் செயற்கை இழை ஷாமியானா எரிந்து 400க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தில் கீற்றுக்கூரை தீப்பிடித்தபோது மாப்பிள்ளையும் பிழைக்கவில்லை. தற்காலிகப் பந்தல்களின் தீப்பாதுகாப்புக்கென்றே ஐஎஸ் 8758 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. பந்தல் ஒப்பந்தக்காரரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். தீத்தடுப்புப் பூச்சு ஏற்றிய பருத்தித் துணி, கூரையைத் தொடாத விளக்குகள், இரண்டு பக்கமும் வெளியேறும் வழி ஆகிய மூன்றிலும் பேரம் பேசாதீர்கள்.

முன்வாசலில் மணவறை வைப்பவர்கள் சூரியனையும் கணக்கில் எடுக்க வேண்டும். தை மாதம் காலை எட்டரை மணிக்குச் சூரியன் அடிவானிலிருந்து 25 பாகை உயரத்தில்தான் இருக்கும். பத்தடி உயரக் கூரையின் நிழல் இருபது அடிக்கு அப்பால் மேற்கே விழும். கிழக்கு பார்த்து உட்கார்ந்த பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் முகத்தில் நேர் வெயில். அவர்களுக்கு உதவுவது தலைக்குமேல் கூரை அல்ல, கிழக்குப் பக்கம் மெல்லிய வெள்ளைத் திரை.

இவ்வளவும் தனியார் வீட்டுக்கு. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்றால், 1959ஆம் ஆண்டு விதிகளின்படி வரவேற்பு, விருந்து எதற்கும் மத்திய அரசின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட சமய வழக்கத்துக்கு மட்டும் விலக்கு உண்டு.

பந்தலைப் பிரிக்கும் நேரத்தையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு ஓடும் அவசரத்தில், நள்ளிரவில் கழற்றும்போதுதான் இரும்புக் குழாய் கைநழுவித் தளத்தில் விழும். மறுநாள் பகல் வெளிச்சத்தில் பிரிக்க ஒருநாள் வாடகையும் ஆள்கூலியும் கூடுதலாகும். கல்யாணச் செலவில் அதையும் சேர்த்தே எழுதுங்கள்.