காணியை விற்க முன் ஒரு கணக்கு

இணைந்த கணிதம் படித்த என் மாணவியின் வாப்பா வந்திருந்தார். மகளை அக்சுவரி ஆக்க, காணியை விற்று வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்டார்.

காப்புறுதித் தவணைப்பணம், ஓய்வூதியம் போன்றவற்றின் எதிர்கால ஆபத்தைக் கணிப்பவரே அக்சுவரி. பட்டம் மட்டும் ஒருவரை அக்சுவரி ஆக்காது; தொழில்சார் பரீட்சைகளிலும் சித்தியடைய வேண்டும். அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டுப் பட்டத்தால் சில பரீட்சைகளுக்கு விலக்குக் கிடைக்கும், காலம் மிச்சம். ஆனால் செலவு பெரிது.

கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களில் புள்ளிவிபரவியலை இலவசமாகப் படிக்கலாம். கூடவே பிரித்தானிய அக்சுவரிகள் நிறுவகத்தின் சிஎஸ்1, சிஎம்1 பரீட்சைகளை இங்கிருந்தே எழுதலாம். கட்டணம் பவுணில்தான், ஆனாலும் ஒவ்வொன்றாக எழுதலாம். பிள்ளையின் மனம் மாறினாலும் வங்கி, தரவுப் பகுப்பாய்வு என வேறு வழிகள் இருக்கும்.

“இசட் புள்ளி வரட்டும் நானா, அதுவரை காணி இருக்கட்டும்” என்றேன்.