அழுகிற கடவுளின் உள்ளறை

2009 ஏப்ரலில், வன்னியில் நடந்த இறுதிப் போரின்போது, வலைஞர்மடம் தேவாலயம் எறிகணை வீச்சுக்கு இலக்கானது. அங்கே தஞ்சமிருந்த சனத்தோடு ஜேம்ஸ் பத்திநாதன் அடிகளாரும் காயப்பட்டார்.

ஆபத்து வந்தால் கிறிஸ்தவ வீடுகளில் கை தேடுவது 91ஆம் சங்கீதத்தை. சுற்றி எத்தனை பேர் வீழ்ந்தாலும் நம்பினவனுக்குச் சேதமில்லை என்று அது உறுதி சொல்கிறது. அதே போரில் முள்ளிவாய்க்கால் பங்கருக்குள் இருந்தவர் அதை எப்படி வாசிப்பது? வீழ்ந்தவர்களிலும் அதையே நம்பியவர்கள் இருந்திருப்பார்களே. உயிர்க்காப்புப் பத்திரம்போல இச்சங்கீதத்தை நீட்டியவன் சுவிசேஷத்தில் சாத்தான்தான். கோயில் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று இயேசுவிடம் சொன்னவன். யூதர்களோ இதைச் சவ அடக்கத்திலும் ஓதுகிறார்கள். அங்கே காப்பாற்றப்பட இனி உடல் இல்லை.

அப்படியானால் அடைக்கலம் எங்கே? வார்சோவில் அதைத் தேடிய ஒருவர் கலோனிமஸ் ஷப்பீரா என்ற ஹசிதிய யூத ரபி. 1939 செப்டம்பர் குண்டுவீச்சில் மகனையும் மருமகளையும் இழந்தார். பிறகு நாசிகள் அடைத்துவைத்த கெற்றோவுக்குள் இருந்துகொண்டு 1942 வரை வேத விளக்கங்கள் எழுதினார். எரேமியா 13ஆம் அதிகாரத்தில் மறைவிடத்தில் அழுவது பற்றி ஒரு வசனம் உண்டு. அந்த மறைவிடம் கடவுளின் உள்ளறை, அழுகிறவர் கடவுளே என்பது யூத மரபு நூலான தால்முட்டின் பழைய வாசிப்பு. ஷப்பீரா அதைப் பிடித்துக்கொண்டார்: துயரப்படுகிறவன் வேதத்தின் வழியே அந்த அறைக்குள் போய், அவரோடு சேர்ந்து அழலாம், அங்கிருந்தே எழுந்து நிற்கவும் பலம் பெறலாம்.

இதில் ஏமாற்று இல்லை என்பதாலேயே எனக்கு இந்த வாசிப்பில் மரியாதை. 1942 இறுதியில் தம் பழைய பிரசங்கம் ஒன்றுக்கு அவர் குறிப்பு எழுதினார்: இப்படியான துன்பங்கள் முன்பும் வந்தன என்று தாம் சொன்னது இனிப் பொருந்தாது என்று. 1943இல் அவர் கொல்லப்பட்டார். புதைத்துவைக்கப்பட்ட அவரது தாள்கள் 1950இல் கிடைத்தன.

துக்கப்படுகிறவரிடம் 'எல்லாம் நன்மைக்கே' என்று சொல்லும் போதகர்கள் வன்னியிலும் உண்டு. அவர்கள் ஷப்பீராவை வாசிக்க வேண்டும். ஏனென்றால் அங்கே துக்கம் இன்னும் பதில் கிடைக்காத துக்கம். 2009 மே 18 அன்று வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு சென்ற பிரான்சிஸ் ஜோசப் அடிகளார், யாழ் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர், திரும்பவில்லை. அவரைப் போலக் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் போராட்டத்துக்கு அமர்ந்தார்கள். ஷப்பீரா சொன்ன எழுந்து நிற்றல் இதுதான்: கோயிலுக்குள் அழுது முடித்துவிட்டுத் தாய்மார் வீட்டுக்குப் போகவில்லை. படங்களோடு தெருவில் இருந்து பதில் கேட்டார்கள்.