வைஃபை ரவுட்டரும் வானிலை ரேடாரும்

2015-ல் அடையாறு வீட்டுக்குள்ளேயே வந்த பிறகு, முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மழைக்காலம்னா ரேடார் படத்தைப் பார்த்துட்டுத்தான் பலரும் தூங்கப் போறாங்க. தாம்பரத்தில் இருக்கும் நானும் அப்படித்தான். அந்தப் படத்தை வீட்டு வைஃபை கெடுக்க முடியுமா? கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

ரேடார் மிகச் சிறிய நேரத்துக்கு ஒரு ரேடியோ துடிப்பை அனுப்பிவிட்டு, பிறகு காது கொடுத்துக் கேட்கும். மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் எதிரொலி எவ்வளவு நேரம் கழித்து வருகிறதோ, அதுதான் தூரக் கணக்கு. அதே அலைவரிசையில் ஒரு வைஃபை கருவி விடாமல் பேசினால், எல்லா நேரத்திலும் சத்தம் வரும். எல்லா தூரத்திலும் மழை இருப்பதாகக் கணக்கு சொல்லும். ஆண்டெனா அந்தத் திசையில் திரும்பும்போது மட்டும் இது நடப்பதால், படத்தில் சைக்கிள் சக்கரக் கம்பி மாதிரி நடுவிலிருந்து ஒரு கோடு விழும். மென்பொருளால் கோட்டை அழிக்கலாம். ஆனால் அந்தத் திசையில் பெய்யும் நிஜ மழையும் அதோடு போய்விடலாம்.

நம்ம ஊருக்கு வருவோம். 2002-ல் சென்னைத் துறைமுகத்தில் நிறுவியது எஸ் பேண்ட் ரேடார், அலைநீளம் 10 செ.மீ. தாம்பரத்திலிருந்து நேர்கோட்டில் சுமார் 25 கி.மீ. பள்ளிக்கரணையில் 2022-ல் வந்தது எக்ஸ் பேண்ட், 3 செ.மீ. வைஃபை பேசுவது 2.4, 5 கிகாஹெர்ட்ஸில். இரண்டு ரேடாரின் அலைவரிசையும் இதில் வராது. வைஃபைக்குப் பயந்து யாரும் எஸ் பேண்டைத் தேர்ந்தெடுக்கவில்லை. நீண்ட அலை கனமழையில் அதிகம் தேயாது, புயலைத் தூரத்திலேயே பார்க்கலாம், அதுக்காகத்தான்.

சிக்கல் நடுவில் இருக்கும் சி பேண்டில். டெல்லி, ஜெய்ப்பூர், தும்பா ரேடார்கள் இந்த வகை. வானிலைக்கான சி பேண்ட் ரேடார்கள் பெரும்பாலும் 5.6 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இயங்கும். இந்தியாவில் 2018-ல் உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்ட 5470 முதல் 5725 மெகாஹெர்ட்ஸ் பகுதிக்குள் அது வருகிறது.

இதற்கான தீர்வுதான் ரவுட்டர் அமைப்பில் இருக்கும் டிஎஃப்எஸ். ரவுட்டர் அந்தச் சேனலில் பேசும் முன் பொதுவாக 60 விநாடி கேட்கும். பிறகு ரேடார் துடிப்பு கேட்டால் 10 விநாடிக்குள் விலகி, 30 நிமிடம் அந்தப் பக்கம் வராது. 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு திடீரென்று அறுந்து சேனல் மாறினால், இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

2009 வாக்கில் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஜுவான் விமான நிலைய வானிலை ரேடாரில் இந்தக் கோடுகள் விழுந்தன. தேடிப் போனபோது சிக்கியவை வீட்டு ரவுட்டர்கள் இல்லை. உயரமான இடங்களில் வைத்திருந்த வெளிப்புற வயர்லெஸ் கருவிகள். சிலவற்றில் டிஎஃப்எஸ் வேலை செய்யவே இல்லை.

அதனால், அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் 5 கிகாஹெர்ட்ஸ் டிஷ் வைப்பவர்கள் நாட்டு அமைப்பில் 'இந்தியா'வை மாற்றாதீங்க, டிஎஃப்எஸ்ஸை அணைக்காதீங்க. நம்ம மழை ரேடார் தப்பித்தாலும், அந்த அலைவரிசையில் கேட்டுக்கொண்டிருக்கும் ரேடார் அது ஒன்றுதான் என்று சொல்ல முடியாது.